தனபாக்கியம் சிஸ்டரின் சீட்டுகள்

நெய்வேலி நகரியத்தில் அந்த பிளாக்கில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யார் காய்ச்சலில் படுத்தாலும் தனபாக்கியம் வந்துவிடுவாள். ஒரு கையில் ஊசிப் பெட்டி, இன்னொரு கையில் துணிப்பை. பையில் எப்போதும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஊசி போட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, படுத்திருப்பவளின் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பாள். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதை யார் எப்போது படிக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வரி.

ஆற்றங்கரையில் சத்திரம் நடத்தும் ஒரு பிரெஞ்சு விதவையின் கதையில் இப்படி இருந்தது: "மாமியாரோடு பேச்சு நின்ற அன்று படி. இவளுடைய மாமியாரைப் பார்த்தால் உன் மாமியார் தேவலை."

பாரிஸ் ரயிலில் நகைத் திருட்டு நடக்கும் துப்பறியும் கதையில்: "மழை விடாமல் பெய்யும் வாரத்தில். நடுவில் வைத்துவிட்டால் திருடன் யாரென்று குழம்பிப்போவாய்."

பாண்டிச்சேரியில் துரைமார் வீட்டில் சமைத்த ஒருவர் எழுதிய சமையல் புத்தகத்தில்: "சமைத்துச் சமைத்து அலுத்த நாளில். வெங்காய சூப்புக்கு வெண்ணெய் போதும், உன் கைப்பழக்கத்தில் மிளகாய்த்தூள் போடாதே."

சைகோனில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டுக் காரைக்கால் திரும்பியவரின் நினைவுக் குறிப்புகளில்: "ஊரைவிட்டு வந்ததை நினைத்து அழுகை வரும்போது. திரும்பிப் போனவனுக்கும் ஊர் அங்கே இல்லை. இருக்கிற இடத்தில் வேர் விடு."

நெய்வேலியில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். அந்தச் சீட்டைப் படித்து அழாத பெண் அந்த பிளாக்கில் குறைவு. பிரெஞ்சு சம்பந்தம் இல்லாத புத்தகங்களும் உண்டு. பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒரு குடும்பத்தின் கதை, பலா முந்திரி வளர்ப்பதைப் பற்றிய சிறு புத்தகம், பழைய கோர்ட்டு வழக்குகளின் தொகுப்பு. எதை யாருக்குக் கொடுத்தாலும் அது அவளுக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

"டாக்டர் எழுதுற சீட்டாவது சில நாளு கேக்காது. சிஸ்டர் சீட்டு கேக்காம போவாது" என்று பக்கத்து வீட்டு ராஜாம்பாள் தண்ணீர்க் குழாயடியில் சொல்வாள்.

இதைக் கேட்கும்போதெல்லாம் தனபாக்கியம் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஏனென்றால் அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. சீட்டில் இருந்ததில் ஒரு வரிகூட அவள் யோசித்து எழுதியதும் இல்லை.

அவள் மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தவள். மூட்டை தூக்கிய தகப்பனுக்கு ஐந்து பிள்ளைகளில் இரண்டாவது. பள்ளிக்கூடம் முடித்து, பாண்டிச்சேரியில் நர்ஸ் பயிற்சி பெற்று, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். படுக்கையில் கிடப்பவருக்குப் புண் வராமல் புரட்டிப் போடுவதில் அவளுக்கு நிகர் இல்லை. அழுகிற நோயாளியோடு சேர்ந்து அழமாட்டாள். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

எழுபத்து மூன்றில் முத்தியால்பேட்டையில் சோமசுந்தரம் என்பவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மனைவி இல்லை. ஒரே மகள் சந்திரகலா, சுரங்கத்தில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் மருதமுத்துவைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு நெய்வேலிக்குப் போய்விட்டாள். வேற்றுச் சாதி. பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. மகளிடமிருந்து வந்த கடிதங்களை அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தார்.

நான்கு மாதம் தனபாக்கியம் அவரைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தாள். அவர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார். பென்சிலைப் பிளேடால் சீவிக் கொடுத்தது அவள்தான்.

"இன்னும் கூரா சீவு. புரூஃப் பாக்கறவன் மொட்டப் பென்சிலத் தொடமாட்டான்" என்பார்.

ஒருநாள் பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணம் ஆகி நெய்வேலிக்குத்தானே போகப்போற? இந்தப் பெட்டிய என் பொண்ணுகிட்ட சேத்துடு. நான் செத்த பிற்பாடு."

"இப்பவே சொல்லி அனுப்பலாமே ஐயா. அவங்க ஓடி வந்துருவாங்க."

"உயிரோட இருக்கறப்ப குடுத்தா நான் தோத்துட்டேன்னு நெனைப்பா. செத்த பிற்பாடு நெனைச்சிட்டுப் போவட்டும்."

குவார்ட்டர்ஸ் எண்ணை எழுதி அவள் கையில் கொடுத்தார். எழுபத்து நாலு மாசியில் இறந்துபோனார். சித்திரையில் அவளுக்குக் குள்ளஞ்சாவடி வேணுவோடு கல்யாணம். வேணுவுக்குச் சுரங்கத்தில் வேலை. நிலக்கரி ஏறிப்போகும் கன்வேயரைப் பார்த்துக்கொள்வான். லாரியில் பாத்திரம், கட்டில், புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டி எல்லாம் வந்து இறங்கின.

அவள் மகளைத் தேடிப் போகவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை போனாள். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"மருதமுத்து குடும்பமா? அவருக்கு புரமோஷன் வந்து பெரிய குவார்ட்டர்ஸ் மாறிப் போயிட்டாங்களே. ஆறு மாசம் ஆச்சு. எந்த பிளாக்குன்னு தெரியலையே. மைன்ஸ்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றாள் கதவைத் திறந்தவள்.

தனபாக்கியத்தின் புருஷனே மைன்ஸில்தான் இருந்தான். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாலைக்குள் விவரம் வந்திருக்கும். அவள் கேட்கவில்லை. நகரியத்தில் ஆட்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள், நாம் எங்கே போய்த் தேடுவது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது நல்ல வசதியான காரணமாக இருந்தது.

உண்மை என்னவென்றால், முந்தின வாரம் பெட்டியில் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. புத்தகங்களை வெயிலில் காயவைக்கும்போது அந்த ரயில் திருட்டுக் கதையை எடுத்து இரண்டு பக்கம் படித்தாள். மூன்று நாள் அடுப்படி வேலை சரியாக ஓடவில்லை. படித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று அடுத்ததை எடுத்தாள். அப்புறம் அதற்கடுத்தது. வேணு கேட்டபோது, "பாண்டிச்சேரிப் பெரியவர் எனக்குக் குடுத்தாரு" என்றாள். அது முதல் பொய்.

இரண்டாவது பொய் ராஜாம்பாளிடம். காடாம்புலியூரிலிருந்து வந்தவள். மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள். பொழுது போகவில்லை என்று அழுதவளுக்குச் சத்திரக்காரியின் கதையைக் கொடுத்தாள் தனபாக்கியம். மறுநாள் ராஜாம்பாள் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு சிஸ்டர் இத எழுதினது? எங்க வூட்டு விஷயத்த எட்டிப் பாத்துகினு எழுதினாப்பல இருக்குது!"

"நான்தான்" என்றாள் தனபாக்கியம். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதே. அன்னிக்குக் காய்ச்சக் கணக்கு எழுதின காயிதத்துல கோழி கிளறினாப்பல கிளறி வச்சிருந்தீங்க?"

"அது அவசரத்துல எழுதினது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் ஒன்று வாங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு புத்தகத்திலும் இருந்ததைத் தன் கையால் ஒரு சீட்டில் எழுதி, அவர் எழுதியதை அழித்து, அழித்த இடத்துக்குக் கீழே சீட்டை ஒட்டினாள். அப்படி முப்பத்தெட்டுப் புத்தகங்கள். முழுக்கப் பிரெஞ்சிலேயே இருந்த பறவைப் படப் புத்தகம் ஒன்றை மட்டும் தொடவில்லை. நெய்வேலியில் அதை யார் கேட்கப்போகிறார்கள்? பெட்டியின் அடியில் அது தடியாகக் கிடந்தது.

கலங்கரை விளக்கில் தனியாக இருந்த ஒரு பிரெஞ்சுக் காவலாளியின் நாட்குறிப்பை எடுத்தபோது ரப்பர் நின்றுவிட்டது. அதில் எழுதியிருந்தது: "அவர் நைட் ஷிப்ட் போகும் வாரத்தில் படி. நீயும் இவனைப்போல விழித்துக்கொண்டுதான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் தெரியும். பயப்படாதே."

பொதுவாக எழுதிய குறிப்புகள் என்று அதுவரை அவள் தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். இதற்குமேல் ஏமாற்ற முடியவில்லை. இது ஒரு தகப்பன் ஒரு மகளுக்கு எழுதியது. முப்பத்தெட்டும் அதேதான். மாமியார், மழை, அடுப்படி, ஊரைவிட்டு வந்தது எல்லாம் அந்த ஒருத்தியின் வாழ்க்கை. பன்னிரண்டு வருடம் பேசாதவர் நான்கு மாதத்தில் பேசித் தீர்த்திருந்தார்.

தெரிந்த பிறகும் அவள் அழித்தாள். மற்றவற்றைவிட அழுத்தி அழித்தாள். காகிதம் நூல் நூலாகக் கிளம்பி, பின்பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோனது. சீட்டில் நடு வரிகளை விட்டுவிட்டு, "அவர் நைட் ஷிப்ட் போகும் வாரத்தில் படி. பயப்படாதே" என்று மட்டும் எழுதினாள்.

அதன்பிறகு ஏழு வருடம் ஓடியது. புத்தகங்கள் மூன்று பிளாக் சுற்றின. சீட்டுகளுக்குப் பேர் வந்தது. அவள் நிம்மதியாக இருந்தாளா என்றால், இல்லை. யாராவது வாசலில் "சிஸ்டர்" என்று புதுக்குரலில் கூப்பிட்டால் முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள், பிறகுதான் கதவைத் திறப்பாள்.

எண்பத்தொன்றில் ஒருநாள் காலை அந்தப் புதுக்குரல் வந்தது. வாசலில் ஐம்பது வயது மனிதர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், என் வீட்டுக்காரிக்கு கர்ப்பப்பை எடுத்திருக்கு. தையல் பிரிச்சாச்சு, ஆனா ஒரு மூலையில நீர் கசியுது பாத்துக்கிடுங்க. தினம் வந்து கட்டு மாத்திவிட முடியுமா? ராஜாம்பாள்தான் உங்களச் சொன்னாவ."

"உங்க பேரு?"

"மருதமுத்து. மைன்ஸ்ல போர்மேன்."

ஏழு வருடமாகத் தேடிப் போகாத ஆள் வாசலில் நின்றார். அவர் வீடு பத்து நிமிட நடைதான்.

சந்திரகலாவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. அப்பாவின் நெற்றி, அப்பாவின் மெலிந்த விரல்கள். தனபாக்கியம் காயத்தைப் பார்த்தாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள்.

"உங்க புஸ்தகச் சீட்டப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. எனக்கும் ஒண்ணு சொல்லுங்களேன். எங்கப்பா அச்சாபீசுல புரூஃப் பாத்தவரு. வீடு முழுக்கப் புஸ்தகம் கெடந்துச்சு. அவரு போன பிறகு எங்க சித்தப்பா பையன் எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டான் போல" என்றாள் சந்திரகலா.

இங்கே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். காயம் ஆறாதவளுக்கு அதிர்ச்சி கொடுக்கக்கூடாது, இரத்த ஓட்டம் கெடும், காயம் ஆறட்டும் என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டாள். வீடு மாறிப்போனார்கள் என்ற பழைய காரணத்துக்குத் தம்பி பிறந்தாற்போல ஒரு புதுக் காரணம்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு புத்தகமாக இவளுக்கே இரவல் கொடுத்துவிடலாம். திருப்பிக் கேட்காமல் விட்டுவிடலாம். ஆறு மாதத்தில் பெட்டி முழுக்கச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் சைகோன் குமாஸ்தாவைக் கொண்டுபோனாள். அதற்கு அடுத்து சத்திரக்காரி. பிறகு பர்மா நடைப்பயணம். சந்திரகலா இரண்டு நாளைக்கு ஒன்று என்று படித்துத் தள்ளி, கேட்காமலே திருப்பிக் கொடுத்தாள். கட்டு அவிழ்க்கும் நேரமெல்லாம் புத்தகப் பேச்சுத்தான்.

"சைகோன்காரரு ஊர் திரும்பி வந்தப்ப வாசல்ல நிக்க வச்சே பேசினாங்க பாருங்க. படிக்கப் படிக்க என்னையே நிக்க வச்சாப்பல இருந்துச்சு சிஸ்டர். எங்கப்பா செத்த தந்தி நாலு நாள் கழிச்சு வந்துது. போனேன். வீட்ட பூட்டிட்டாங்க. நடையில நின்னுட்டு வந்தேன்."

"கால நீட்டுங்க" என்றாள் தனபாக்கியம்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனைச்சேன். நேர்ல 'வாங்க போங்க'ன்னு பேசறீங்க. சீட்டுல மட்டும் 'படி', 'போடாதே'ன்னு எழுதறீங்களே?"

தனபாக்கியம் பஞ்சை எடுப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். "இடம் மிச்சம்" என்றாள்.

சந்திரகலா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் போட்ட எடம் இழுக்குது" என்றாள்.

பதினாறாம் நாள் காயம் நன்றாக மூடிவிட்டது. கட்டு வேண்டியதில்லை. தனபாக்கியம் கலங்கரை விளக்குப் புத்தகத்தை மூன்று நாள் முன்பே கொடுத்திருந்தாள். மருதமுத்துவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். உள்ளே போனபோது சந்திரகலா புத்தகத்தை மார்பின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"காய்ச்சலா?"

"இல்ல சிஸ்டர். கல்யாணம் ஆகி வந்த புதுசுல இவருக்கு நைட் ஷிப்ட்னா நான் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க பயப்படாதேன்னு ஒரே வார்த்தை எழுதிட்டீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினாறு நாள்ல உங்களுக்கு நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. பத்தொம்பது வருஷம் வளத்த எங்கப்பாவுக்குத் தெரியல பாருங்க. கல்லு மனுஷன். ஒரு வரி எழுதல."

தனபாக்கியம் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். தட்டு சத்தம் போட்டது.

புத்தகத்தை எடுத்ததை அவள் ஏழு வருடம் எப்படியோ விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் இப்போது கண்முன்னால் ஒரு மனிதரின் மகள் அவரைக் கல் என்று சொல்கிறாள். அவர் சொன்ன வார்த்தைக்காகத் தனபாக்கியத்துக்கு நன்றி சொல்கிறாள். இரவல் என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

"அத நான் எழுதல" என்றாள்.

"என்ன?"

"ஒரு சீட்டும் நான் எழுதல. உங்கப்பா எழுதினது. கடைசி வருஷம் அவரப் பாத்துக்கிட்ட நர்ஸ் நான்தான். பெட்டி நெறைய புஸ்தகம், எல்லாத்துலயும் உங்களுக்கு எழுதி, உங்ககிட்ட சேக்கச் சொல்லிக் குடுத்தாரு. நான் சேக்கல."

சந்திரகலா எழுந்து உட்கார்ந்தாள். மெதுவாகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"சீட்டு என் கையெழுத்து. மேல இருந்தது அவரு கையெழுத்து. அழிச்சிட்டேன்."

"அழிச்சீங்களா?"

"ரப்பர் வச்சு. நான் எழுதினதுன்னு ஒருத்திகிட்ட பொய் சொல்லிட்டேன். கையெழுத்து ஒத்து வரல. அதனால அழிச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

சந்திரகலா சுரண்டிக் கிடந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினாள். பிறகு கேட்டாள்: "அவர் எழுதினத அப்படியேதான் காப்பி பண்ணீங்களா? ஒரு வார்த்தையும் விடலையே?"

"இதுல விட்டேன்." தனபாக்கியம் நிமிர்ந்து நின்றுகொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "நீயும் இவனைப்போல விழித்துக்கொண்டுதான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் தெரியும்."

சந்திரகலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாளையிலேருந்து வராதீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து வேணுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதல் ஷிப்ட் முடித்துவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றில் கை நின்றது.

"அடிப்பாவி. ஏழு வருசமா அடுத்தவன் பெட்டிய வூட்டுல வச்சிகினு அதும்மேல ரேடியோ வேற வச்சிட்டமே" என்றான். "மருதமுத்து போர்மேனா? நான் தினம் பாக்கற ஆளாச்சே! என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னா?"

"கேட்டிருந்தா சொல்லிருப்ப. அதான் கேக்கல."

வேணு சோற்றைப் பிசைந்தான்.

அன்று மாலையிலிருந்து மூன்று நாள் தனபாக்கியம் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைத் திரும்ப வாங்கினாள். கிழிந்தது, மூலை மடிந்தது, குழம்புக் கறை பட்டது எல்லாம் வந்தன. பர்மாக் கதைக்கு அட்டை போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, அது தன்னுடையது இல்லை என்றும், எழுதியது தான் இல்லை என்றும் சொன்னாள். சிலர் முகம் சுருங்கியது. ஒருத்தி, "எங்க வூட்டு வெள்ளி டம்ளர் காணாமப் போச்சே, அதுவும்…?" என்று இழுத்தாள். தனபாக்கியம் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ராஜாம்பாள்தான் சத்திரக்காரியைக் கொடுக்க மாட்டேன் என்றாள். சந்திரகலா படித்துத் திருப்பிக் கொடுத்த கையோடு ராஜாம்பாள் அதை மறுபடி வாங்கிப் போயிருந்தாள்.

"யாரு எழுதினா எனக்கென்னா சிஸ்டர்? எங்க மாமியாளோட நாலாந்தடவ சண்ட. இப்பத்தான் பாதி படிச்சிருக்கேன்."

"அது உன் மாமியாரப் பத்தி எழுதினது இல்ல ராஜாம்பா."

"அப்படீன்னா அவங்க மாமியாளும் இப்படித்தானா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துவந்து கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நான் கையெழுத்தக் கேட்டிருக்கக்கூடாதுல்ல?" என்றாள்.

"நீ கேட்டதுல தப்பில்ல. நான் சொன்னதுலதான்."

பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது அடியில் கிடந்த பிரெஞ்சுப் பறவைப் புத்தகத்தை வெளியே எடுத்தாள். தூசி தட்டியபோது பின் அட்டை திறந்துகொண்டது. அட்டையின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. முத்து முத்தாக. அவள் சீவிய பென்சில்.

"சந்திரா, இந்தப் புத்தகம் உனக்குப் புரியாது. எனக்கே பாதிதான் புரியும். நீ ஐந்து வயதில் என் மடியில் உட்கார்ந்து இந்தப் படங்களுக்கெல்லாம் நீயாகப் பெயர் வைத்தாய். அதனால் அனுப்புகிறேன். உன் கடிதங்களைத் திருப்பியது தப்பு. இந்தப் பெட்டியைக் கொண்டுவருகிறவள் தனபாக்கியம். என்னைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டாள். நாணயமான பெண். பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை அவளுக்குக் கொடு. அப்பா."

அவள் அட்டையைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டாள். மேசை இழுப்பறையில் அந்த ரப்பர் இன்னும் கிடந்தது. 'நாணயமான பெண்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. தோன்றியது உண்மை. எழுந்து போய் ரப்பரை எடுத்தாள். அடுப்பில் போட்டாள். வீடெல்லாம் நாற்றம் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வேணு சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். மருதமுத்து வெளியே வந்து ஒரு பக்கம் கை கொடுத்தார். பெட்டி கூடத்தில் இறங்கியது.

"உங்ககிட்ட இருக்கறது போக எல்லாம் இருக்கு. இது ஒண்ணுல மட்டும் அவரு கையெழுத்து இருக்கு. நான் பாக்காததால தப்பிச்சுது" என்று தனபாக்கியம் பறவைப் புத்தகத்தை நீட்டினாள்.

சந்திரகலா நின்றுகொண்டே படித்தாள். ஒருமுறை. பிறகு இன்னொரு முறை. அட்டையை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தனபாக்கியம் செருப்பைப் போடத் திரும்பினாள்.

"நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லிருக்காரு."

"வேணாங்க."

"அவரு சொன்னத ஒருதடவ நீங்க செய்யல. என்னையும் செய்யவிடாம பண்ணாதீங்க. எது வேணும், சொல்லுங்க."

மூன்று பிளாக்குக்கும் புத்தகம் சொன்னவளுக்குத் தனக்கு எது வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சந்திரகலா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. ஏழெட்டைப் பார்த்து வைத்த பிறகு, தன்னிடமே தங்கிப்போயிருந்த ஒன்றை எடுத்து நீட்டினாள். கலங்கரை விளக்குக் காவலாளியின் நாட்குறிப்பு.

"இதுலதான் ரொம்ப அழுத்தி அழிச்சிருக்கீங்க. இதுல இருந்தத நீங்க வாயால சொல்லிட்டீங்க, எனக்கு மனசுல இருக்கு. பேப்பரு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

சீட்டை நகத்தால் நெம்பிப் பிய்த்து எடுத்துக்கொண்ட பிறகுதான் புத்தகத்தைக் கொடுத்தாள்.

அதன்பிறகு தனபாக்கியம் பதினோரு வருடம் அந்த பிளாக்கில் இருந்தாள். ஊசி போட்டாள், கட்டு மாற்றினாள், பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட நின்றாள். கையில் ஊசிப் பெட்டி மட்டும்தான். படிக்க ஏதாவது கேட்டால், "போர்மேன் மருதமுத்து வீட்ல கேளுங்க, அவங்ககிட்ட நல்ல புஸ்தகம் இருக்கு" என்பாள். சந்திரகலா கொடுத்தாள் என்றுதான் கேள்வி. சீட்டின் அடியில் ஒவ்வொன்றிலும் அப்பாவின் பெயரை எழுதிவிட்டுத்தான் கொடுத்தாளாம். கடைத்தெருவில் இருவரும் எதிர்ப்பட்டால் சந்திரகலா தலையை ஆட்டுவாள். அதற்குமேல் இல்லை.

தனக்குக் கிடைத்த அந்த ஒரு புத்தகத்தைத் தனபாக்கியம் மறுபடி படிக்கவில்லை. வேணு நைட் ஷிப்ட் போன வாரங்களில் அதை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறப்பாள். காகிதம் அந்த இடத்தில் பஞ்சுபோல இருக்கும். பின்பக்கத்து அச்சு அதன் வழியாக மங்கலாகத் தெரியும். மூடி வைத்துவிடுவாள்.